எத்தனை குதிரை

"கம்பெனி கிராங்க் அக்கா.
எத்தனை குதிரை தாங்கும்?
ஒரு நம்பர் மட்டும் சொல்லுங்க."

போன ஆவணியில் இப்படித்தான் வந்தான் சேவுகன்,
சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு.
ஆத்தங்குடிக் கல் ஏற்றும் வண்டி.
கோயம்புத்தூரில் ஒருவன் டர்போ வைத்துத் தருகிறானாம்,
எழுபத்தைந்தை நூற்றைம்பது ஆக்குகிறானாம்.

சங்கிலியில் தொங்கவிட்டுச்
சின்னச் சுத்தியலால் தட்டினேன்.
கணீரென்று பிடித்தது.
கழனிவாசல் பஸ் ஹாரன் அடித்துக் கடந்து போன பிறகும்
அடங்காமல் நின்றது.
காந்தம் ஏற்றிப் பொடி தூவிப் பார்த்தேன்,
ஒரு மயிரிழை இல்லை.
கால் மில்லி கடைந்தால் போதும்.

"நூறு" என்றேன்.
"அதுக்கு மேல?"
"அதுக்கு மேல கடன்."

சிரித்தான்.
கடன் கொடுத்தே மாளிகை கட்டிய ஊரில்
அந்தச் சொல்லுக்கு யார் பயப்படுகிறார்கள்.

பில்லின் பின்பக்கம் பென்சிலில் எழுதியும் கொடுத்தேன்:
மேல் கியரில் மெதுவாகப் போகும்போது மிதிக்காதே.
ஆயிலை ஐயாயிரத்தில் மாற்று.
முன் புல்லியைத் தொடாதே.

இன்று மாசி. அதே சாக்கு.
உள்ளே இரண்டாக.

உடைந்த முகத்தை டீசலில் கழுவி
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
நான்காவது பின். எண்ணெய்த் துளையின் உதட்டில்
கடுகளவு தொடக்கம்.
அங்கிருந்து வளைவு வளைவாகக் கோடுகள்,
சித்திரையில் கண்மாய் வற்றும்போது
தண்ணீர் நின்று நின்று பின்வாங்கிய இடங்களைக்
கரை காட்டுமே, அப்படி.
முக்கால் பங்கு வழவழவென்று பழுப்பேறி இருந்தது.
மீதிக் கால்பங்குதான் புதுசு,
கற்கண்டை உடைத்த மாதிரி பொரபொரத்து மின்னியது.

"திருமயம் மேட்டுல முழு லோடோட
நூத்திமுப்பது குதிரைய இழுக்க விட்டேன், ஒண்ணும் ஆகலை.
மானாமதுரை பைபாஸ்ல ஏசி பஸ்ஸ முந்தினேன், ஒண்ணும் ஆகலை.
உடைஞ்சது குன்றக்குடி திருப்பம்க்கா.
வெறும் வண்டி. ரெண்டாவது கியர்.
டீ குடிச்சிட்டு எடுத்தேன், அவ்வளவுதான்."

ஒண்ணும் ஆகலை என்ற நாளெல்லாம்
என் விரலுக்கு அடியில் கோடு கோடாக இருந்தது.
இது திருமயமாக இருக்கலாம்.
இந்த அகலமான இடைவெளி, பஸ்.
வரவுப் பக்கமே இல்லாமல் தைத்த பேரேடு இந்த இரும்பு,
பற்றை மட்டும் எழுதிக்கொண்டே போகும்,
வசூலுக்கு வருகிற நாளைச் சொல்லாது.
இதை அவனிடம் சொல்லவில்லை.
"முன் புல்லி எங்கே?" என்றேன்.

மாற்றிவிட்டானாம்.
புதுசு அலுமினியம், சிவப்புப் பூச்சு, பாதி எடை.
பழசின் நடுவில் ரப்பர், வெடித்துப்போய்,
பார்க்கவே அசிங்கம்.
இரும்புக் கடையில் நாற்பது ரூபாய்.

நாலு பிஸ்டனும் மாற்றி மாற்றி அடிக்க,
தண்டு முறுக்கிக்கொண்டு, முறுக்கு அவிழ்ந்து,
கண்ணுக்குத் தெரியாமல் நடுங்கும்.
அந்த நடுக்கத்தை விழுங்கிக்கொண்டிருந்தது
அந்த அசிங்கமான ரப்பர்.
நான் சொன்ன நூறு அதையும் சேர்த்துத்தான்.
தொடாதே என்று எழுதினேன்.
ஏன் என்று எழுதவில்லை.
பென்சிலுக்கும் எனக்கும் அவசரம்,
வாசலில் ஒரு டிராக்டர்காரர் நின்றிருந்தார்.

குதிரைகளை எண்ணினோம், அவனும் நானும்.
மிரண்டால் கழுத்தைத் தடவிக்கொடுக்க
யார் இருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

"மதகுபட்டியில ஒரு பழைய கிராங்க் இருக்காம்க்கா.
அது எத்தனை தாங்கும்?"

"கொண்டு வா" என்றேன்.
"புல்லியோட கொண்டு வா."

அவன் போனான். சாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு.
பெரிய துண்டைச் சங்கிலியில் மாட்டி
ஏதோ பழக்கத்தில் தட்டினேன்.

கணீரென்றது.